மருந்துக் கஞ்சாவும் நம் வயிற்றுப்பாடும்



கஞ்சா என்றதும் சிலர் முகஞ் சுளிப்பீர்கள். வைத்தியர்கள் அதை மருந்திற் சேர்க்க 1961ஆம் ஆண்டின் ஆயுர்வேதச் சட்டமே இடமளித்திருக்கிறது. ஆதலின் நாம் பேச வந்தது பணத்தைப் பற்றி.

ஏற்றுமதிக்காக இதைப் பயிரிடும் யோசனை 2022 நவம்பர் வரவு செலவுத் திட்டத்தில் வந்தது. 2025இல் வெளிநாட்டு முதலீட்டாளர் எழுவருக்கு மீரிகமையில் 64 ஏக்கர் என்று முடிவாயிற்று. நம் ஊவாவிலோ, தணமல்விலக் காட்டில் அதே செடியை ஒளித்து வளர்க்கும் ஏழை மறியலுக்குப் போகிறான்!

அந்நியச் செலாவணி வரட்டும், வேண்டாமென்று சொல்லோம். கோப்பியும் தேயிலையும் அப்படித்தான் வந்தன. லாபம் கப்பலேறிற்று, பிரட்டுக்களத்தில் நின்றவர்க்கு லயத்துக் காம்பிராவே மிஞ்சிற்று. 64 ஏக்கரென்றால் நம் தோட்டத்தில் ஒரு டிவிஷனுக்கும் காணாது. அங்கே எத்தனை பேருக்கு வேலை? நாட்கூலி என்ன? உத்தரவுப் பத்திரத்தில் இவற்றையும் எழுதும்படி கேட்போம்.