ஒரு மொழி, ஒரு கால்வாய், ரெண்டு அரசு

போன மாசம் ஆஃபீஸ்ல நான் பண்ண ஒரு சின்ன தப்புலேர்ந்து இன்னைக்கு எபிசோட ஆரம்பிக்கிறேன்.

எங்க ஆப்ல புதுசா ஐரிஷ் மொழி சேர்க்கணும். ஐரிஷ்னா ஆங்கிலத்தோட ஸ்லாங் இல்லங்க, கேலிக் குடும்பத்துல ஒரு தனி மொழி. தமிழுக்கு ஒருமை, பன்மைனு ரெண்டு விதி எழுதினா போதும். ஐரிஷுக்கு அஞ்சு: 1, 2, 3 முதல் 6, 7 முதல் 10, அப்புறம் மத்ததெல்லாம். அதையெல்லாம் சரியா பண்ணிட்டு, மொழிப் பட்டியல்ல ஐரிஷ் பக்கத்துல அயர்லாந்து குடியரசோட கொடிய வச்சேன். கோட் ரிவ்யூல பெல்ஃபாஸ்ட்காரர் ஒருத்தர் எழுதினார்: "கொடிய எடுத்துடுங்க. என் ஊர்லயும் இந்த மொழி பேசுறாங்க."

பெல்ஃபாஸ்ட் இருக்கிறது வட அயர்லாந்துல. அது பிரிட்டிஷ் ஆட்சிக்குள்ள இருக்கு. 1921ல தீவு ரெண்டாச்சு. பிரிட்டனோடயே இருக்கணும்னு ஒரு தரப்பு, தெற்கோட சேரணும்னு ஒரு தரப்பு. 1960களோட கடைசியிலேர்ந்து முப்பது வருஷ மோதல்ல 3,500க்கும் மேல உயிர் போச்சு. 1998ல புனித வெள்ளி ஒப்பந்தம் வந்துச்சு.

அந்த ஒப்பந்தப்படி 1999 டிசம்பர்ல வடக்கும் தெற்கும் சேர்ந்து ஆறு பொது அமைப்புகள ஆரம்பிச்சாங்க. போலீஸ், ராணுவம்னு பெரிசா ஏதாவது இருக்கும்னு நினைச்சேன். இல்ல. உணவுப் பாதுகாப்பு, வர்த்தகம், ஐரோப்பிய நிதி, கடல் கழிமுகமும் கலங்கரை விளக்கமும், மொழி, உள்நாட்டு நீர்வழி. இவ்ளோதான்.

ஏன் நீர்வழி? எர்ன் ஆறு தெற்குல பிறந்து, வடக்குக்குள்ள போய், மறுபடி தெற்கு வழியா கடல்ல சேருது. அத தெற்குல ஓடுற ஷானன் ஆத்தோட இணைக்க 1860ல ஒரு கால்வாய் திறந்தாங்க. பத்து வருஷம்கூட ஓடல, பாழாப் போச்சு. 1994ல, அதாவது ஐஆர்ஏ போர்நிறுத்தம் அறிவிச்ச அதே வருஷம், அத மறுபடி திறந்தாங்க. 63 கிலோமீட்டர். படக ஒரு தண்ணி மட்டத்துலேர்ந்து இன்னொண்ணுக்கு ஏத்தி இறக்குற லாக் 16. அதுல ஒண்ண ஒரு பக்கம் கவனிக்காம விட்டா, ரெண்டு பக்கத்துப் படகும் நிக்கும். அதனால முழுசையும் ஒரே அமைப்பு பாக்குது: வாட்டர்வேஸ் அயர்லாந்து. அது பாக்குற கால்வாய்ல பெரும்பகுதி தெற்குல. தலைமை அலுவலகம் வடக்குல, என்னிஸ்கில்லன்ல.

மொழி அமைப்பு இன்னும் சுவாரசியம். அதுக்குள்ள ரெண்டு பிரிவு. ஐரிஷுக்கு ஃபோரஸ் நா கேல்கெ. 17ஆம் நூற்றாண்டுல ஸ்காட்லாந்துலேர்ந்து குடியேறினவங்க கொண்டுவந்த அல்ஸ்டர்-ஸ்காட்ஸுக்குத் தனி ஏஜென்சி. வடக்கு அரசியல்ல முதல் மொழிய ஒரு தரப்போடயும், ரெண்டாவத இன்னொரு தரப்போடயும் சேர்த்துப் பாப்பாங்க. பணம் எப்படின்னா, ஐரிஷுக்கு தெற்கு 75 சதவீதம், வடக்கு 25. அல்ஸ்டர்-ஸ்காட்ஸுக்கு அப்படியே தலைகீழ். எந்த மொழிக்கும் ஒரே அரசு மட்டும் முழுச் செலவும் பண்ண முடியாது.

இதுல ஒரு சிக்கல் இருக்கு. பெரிய முடிவுக்கெல்லாம் ரெண்டு பக்க அமைச்சர்களும் ஒத்துக்கணும். ரெண்டு அப்ரூவர் கட்டாயம்னு வச்ச ரெப்போ மாதிரி. ஒருத்தர் வேலைய விட்டுட்டா? பெல்ஃபாஸ்ட் அரசு 2002லேர்ந்து 2007 வரை, 2017லேர்ந்து 2020 வரை, 2022லேர்ந்து 2024 வரைன்னு திரும்பத் திரும்ப முடங்குச்சு. 2002ல இந்த அமைப்புகளெல்லாம் வெறும் மெயின்டனன்ஸ் மோடுக்குப் போயிடுச்சு. 2017 முடக்கம் அவ்ளோ நாள் இழுத்ததுக்கு ஒரு முக்கியக் காரணம், ஐரிஷ் மொழிச் சட்டம் வேணுமா வேணாமாங்கிற சண்டை. கடைசியா 2022ல லண்டன் பார்லிமென்ட்தான் சட்டம் போட்டு, வடக்குல ஐரிஷுக்கு அதிகாரபூர்வ அங்கீகாரம் கொடுத்துச்சு.

அப்போ இந்தக் கூட்டு ஏற்பாடு தோத்துடுச்சா? எனக்கு அப்படித் தோணல. அரசு இல்லாத வருஷங்கள்லயும் லாக் திறந்து மூடிச்சு. 2013ல ஃபோரஸ் நா கேல்கெயோட ஆங்கில-ஐரிஷ் அகராதி ஆன்லைன்ல வந்துச்சு. அத பெல்ஃபாஸ்ட்ல இருக்கிறவரும் டப்ளின்ல இருக்கிறவரும் ஒரே மாதிரி திறந்து பாக்கலாம். 2021 கணக்கெடுப்புல வட அயர்லாந்துல 12.4 சதவீதம் பேர் கொஞ்சமாவது ஐரிஷ் தெரியும்னு சொல்லியிருக்காங்க. நான் வச்ச கொடி அவங்கள்ல பல பேர, 'இது உங்க மொழி இல்ல'ன்னு வெளிய நிறுத்தியிருக்கும். இன்னும் சில பேர, 'இந்த மொழி படிச்சா இந்தக் கொடியையும் ஏத்துக்கணும்'னு பயமுறுத்தியிருக்கும்.

நமக்கே இது புரியணும். தமிழ் இங்க ஆட்சிமொழி, இலங்கையிலயும் சிங்கப்பூர்லயும் ஆட்சிமொழி. தமிழ் பக்கத்துல எந்தக் கொடிய வைப்பீங்க?

நான் கொடிய எடுத்துட்டேன். ஐரிஷுக்கு மட்டும் இல்ல, பட்டியல்ல இருந்த எல்லா மொழிக்கும். ஒவ்வொரு மொழியோட பேரையும் அந்த மொழியிலேயே போட்டேன். பெல்ஃபாஸ்ட்காரர் அப்ரூவ் பண்ணிட்டார்.

உங்க ஆப்லயும் மொழிப் பட்டியல் இருந்தா இன்னைக்கு ஒரு தடவ திறந்து பாருங்க. அடுத்த வாரம் பாப்போம்.