வ.உ.சி.க்கு ஒரு நமஸ்காரம்

(சுதந்திர தினத்தையொட்டி கோபர்கைரனேயில் நடைபெற்ற அங்கத்தினர்கள் கூட்டத்தில் பேசியது)



சுதந்திரப் போராட்டத்தைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். நான் சரித்திரம் படித்தவன் அல்ல. பி.எஸ்ஸி. பௌதிகம் படித்துவிட்டு, 36 வருஷம் மத்திய அரசில் ஃபைல் பார்த்து ரிடையர் ஆனவன். ஆகவே ஒரே ஒருவரைப் பற்றி மட்டும் பேசுகிறேன். நம் மும்பைக்கும் அவருக்கும் சம்பந்தம் உண்டு. அவர்தான் கப்பலோட்டிய தமிழர் வ.உ. சிதம்பரம் பிள்ளை.

1872 செப்டம்பர் 5-ந் தேதி ஒட்டப்பிடாரத்தில் பிறந்தவர். அன்று ஆசிரியர் தினம் என்பதால் குழந்தைகளுக்கு டாக்டர் ராதாகிருஷ்ணன்தான் நினைவுக்கு வருவார். வ.உ.சி. தூத்துக்குடியில் வக்கீல். அங்கிருந்து கொழும்புக்குக் கப்பல் விடுவது ஆங்கிலேயக் கம்பெனியின் கையில் இருந்தது. 1906 அக்டோபரில் இவர் சுதேசி ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனியைப் பதிவு செய்தார். மூலதனம் 10 லட்ச ரூபாய். ஒரு பங்கு 25 ரூபாய். தலைவர் பாண்டித்துரைத் தேவர். ஹாஜி முகம்மது பக்கீர் சேட் 2 லட்ச ரூபாய்க்குப் பங்கு வாங்கினார். சேலம் விஜயராகவாச்சாரியார் சட்ட ஆலோசகர். ஜாதி, மதம் பார்க்காமல் எல்லோரும் கைகொடுத்த காரியம் அது.

முதலில் பம்பாயிலிருந்த ஷா லைன் கம்பெனியிடம் கப்பல்களை வாடகைக்கு எடுத்தார்கள். ஆங்கிலேயரின் நெருக்குதலால் அந்தக் கம்பெனி பின்வாங்கிற்று. இனி சொந்தக் கப்பல்தான் என்று வ.உ.சி. பம்பாய்க்குப் புறப்பட்டார். வீட்டில் மூத்த மகனுக்கு உடம்பு சரியில்லை, மனைவி கர்ப்பிணி. வந்தால் கப்பலோடு வருவேன், இல்லையேல் வரமாட்டேன் என்று கிளம்பினார். 1907-ல் காலியா, லாவோ என்ற இரண்டு கப்பல்கள் தூத்துக்குடிக்கு வந்து சேர்ந்தன. ஒவ்வொன்றிலும் 1,300 பிரயாணிகளும் 4,000 மூட்டைகளும் ஏற்றலாம்.

இங்கே என் பௌதிகம் கொஞ்சம் உதவுகிறது. நீராவிக் கப்பலில் ஆயிரம் பேர் ஏறினாலும் முப்பது பேர் ஏறினாலும் கொதிகலனுக்குப் போடும் கரி ஏறக்குறைய ஒரே அளவுதான். மாலுமிகளின் சம்பளமும் துறைமுகக் கட்டணமும் குறையாது. இது போட்டிக் கம்பெனிக்கு நன்றாகத் தெரியும். கட்டணத்தை ஒரு ரூபாயாகக் குறைத்தது. வ.உ.சி. எட்டணா ஆக்கினார். உடனே அவர்கள் இலவசமாகவே ஏற்றிக்கொண்டு, கையில் ஒரு குடையும் கொடுப்பதாகச் சொன்னார்கள். நஷ்டத்தைத் தாங்க அவர்களுக்குப் பல துறைமுகங்களின் வருமானம் இருந்தது. சுதேசிக் கம்பெனிக்கு இருந்தது ஜனங்களின் பிடிவாதம் ஒன்றுதான்.

1908 பிப்ரவரியில் கோரல் மில் தொழிலாளர் வேலை நிறுத்தத்துக்கு அவரும் சுப்பிரமணிய சிவாவும் துணை நின்றார்கள். நிர்வாகம் இறங்கி வந்தது. கம்பெனி நடத்துகிறவருக்கு அரசியல் எதற்கு என்ற முணுமுணுப்பு பங்குதாரர்களிடையே எழுந்தது. மார்ச் 12-ந் தேதி அவர் கைதானார். ஜூலை 7-ந் தேதி நீதிபதி பின்ஹே இரட்டை ஆயுள் தண்டனை விதித்தார். அதே மாதம் 22-ந் தேதி, இங்கே பம்பாய் ஹைகோர்ட்டில் திலகருக்கு ஆறு வருஷம். குருவும் சிஷ்யரும் பதினைந்து நாள் இடைவெளியில் தண்டனை பெற்றார்கள்.

கோவை சிறையில் மாடு இழுக்கும் செக்கை வ.உ.சி. இழுத்தார். அந்தச் செக்கு சென்னை கிண்டி காந்தி மண்டபத்தில் இருக்கிறது. போகிறவர்கள் குழந்தைகளுக்குக் காட்டுங்கள். மேல்முறையீட்டில் தண்டனை குறைந்து, 1912 டிசம்பரில் விடுதலையானார். கம்பெனி 1911-லேயே கலைக்கப்பட்டுவிட்டது. வக்கீல் சன்னதும் போய்விட்டது. அரிசிக்கடை வைத்தும் பிழைத்துப் பார்த்தார். மாலை போட்ட கூட்டத்தைக் காணோம். சிறையிலிருந்து வந்த திலகர், சில காலம் மாதம் 50 ரூபாய் அனுப்பினார். பிற்பாடு வாலஸ் என்ற ஆங்கிலேய நீதிபதியின் தயவால் சன்னது திரும்பக் கிடைத்தது. அந்த நன்றிக்காகத் தம் மகனுக்கு வாலேஸ்வரன் என்று பெயர் வைத்தார்!

இப்போது எங்கள் வீட்டு விஷயம். 1920-களில் வ.உ.சி. கோவில்பட்டியில் வக்கீலாக இருந்தபோது, என் தாத்தா அங்கே சர்க்கார் ஆபீஸில் குமாஸ்தா. தினம் அவரைத் தெருவில் பார்ப்பாராம். பார்த்ததும் எதிர்ப்பக்கம் போய்விடுவாராம். யாராவது மேலே எழுதிப்போட்டால் வேலை என்ன ஆகும்? ஆறு குழந்தைகள். வயதான காலத்தில் என் அப்பாவிடம், "ஒரு நமஸ்காரம் பண்ணியிருக்கலாம்டா, பண்ணலை" என்று சொல்லிக் கண் கலங்கினாராம்.

தாத்தாவைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. என் ஆபீஸில் ஓர் இளைஞர் தப்பான பில்லில் கையெழுத்துப் போட மறுத்தார். தூர தேசத்துக்கு மாற்றினார்கள். அவர் பக்கம் நியாயம் என்று எனக்குத் தெரியும். ஸ்டேஷனுக்குப் போய் வழியனுப்பக்கூட நான் போகவில்லை. அப்போது சுதந்திரம் வந்து முப்பது வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. எனக்கு என்ன பயம்?

வாலஸும் சர்க்கார் மனிதர்தான். தம் அதிகாரத்துக்கு உட்பட்டே ஒரு நல்லதைச் செய்தார். நமக்கும் அது முடியும்.

1936 நவம்பர் 18-ந் தேதி வ.உ.சி. காலமானார். நாடு சுதந்திரம் பெற்றதை அவர் பார்க்கவில்லை. 2011-ல் தூத்துக்குடி துறைமுகத்துக்கே அவர் பெயர் வைத்தார்கள். நல்ல காரியம். ஆனால் துறைமுகத்துக்குப் பெயர் வைப்பதால் யாருக்கும் வேலை போகாது. நியாயத்துக்காகக் கஷ்டப்படுகிறவர் உங்கள் ஆபீஸிலோ, சொஸைட்டியிலோ, உறவிலோ இருந்தால், அவர் உயிரோடு இருக்கும்போதே போய் ஒரு வார்த்தை பேசிவிட்டு வாருங்கள். அந்த இளைஞரின் விலாசத்தை நான் இப்போதுதான் தேடிக்கொண்டிருக்கிறேன்.

வந்தே மாதரம்.