டெலீட் பண்ணியாச்சு, ஆனா அழியலை

தலத்தெருவுல இருந்து இன்னொரு எபிசோட். 18 வயசுக்குள்ள ஒரு குற்ற வழக்குல சிக்கின பையன், அதுக்கப்புறம் படிச்சு, எல்லாரையும் மாதிரி வேலைக்கு வர முடியுமா? இன்னைக்கு இதைத்தான் பேசப் போறோம்.

முதல்ல எங்க துறை விஷயம் ஒண்ணு. ஒரு ஆப்ல நீங்க 'டெலீட்' அமுக்கினா, பல நேரம் தகவல் அழியறதே இல்லை. 'அழிச்சாச்சு'ன்னு டேட்டாபேஸ்ல ஒரு குறி மட்டும் விழும். திரையில தெரியாது, உள்ளே அப்படியே இருக்கும். இது சாஃப்ட் டெலீட். நிஜமாவே துடைச்சு எடுத்தா அது ஹார்ட் டெலீட்.

2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டம் கேக்கறது ஹார்ட் டெலீட். அதோட 24-வது பிரிவுப்படி, அந்த வழக்கால எந்தத் தகுதியிழப்பும் வரக்கூடாது. 2016 மாதிரி விதிகள்படி, ஆவணங்களை மேல்முறையீட்டுக் காலம் முடியற வரைக்கும் அல்லது 7 வருஷம் வெச்சிருக்கலாம். அப்புறம் அழிச்சிடணும். 74-வது பிரிவு இன்னும் கறார். வழக்கு முடிஞ்சதும், நன்னடத்தைச் சான்றுக்காகக்கூட போலீஸ் அந்த விவரத்தை வெளியே சொல்லக்கூடாது. 16 வயசு தாண்டினவங்களைக் கொடுங்குற்றத்துக்காகப் பெரியவங்க மாதிரி விசாரிச்சுத் தீர்ப்பு சொன்ன வழக்குகளுக்கு மட்டும் விதிவிலக்கு உண்டு.

ஏன் இவ்வளவு தூரம் அழிக்கச் சொல்றாங்க? இந்தச் சட்டம் நம்பறது படிப்பை. சிறப்பு இல்லத்துல அதிகபட்சம் 3 வருஷம் வெச்சு, படிப்பு, தொழிற்பயிற்சி, மனநல ஆலோசனை எல்லாம் தரணும்னு சொல்லுது. உள்ளே படிக்க வெச்சுட்டு, வெளியே வந்ததும் கதவைச் சாத்தினா அந்தப் படிப்பு எதுக்கு?

ஆனா கதவு சாத்தத்தான் படுது. மத்திய ஆயுதப் படையில சப்-இன்ஸ்பெக்டர் வேலைக்குத் தேர்வான ஒருத்தருக்கு, சிறுவனா இருந்தப்போ வந்த வழக்கைக் காட்டி வேலையை மறுத்தாங்க. இத்தனைக்கும் அந்த வழக்குல அவர் விடுதலை ஆனவர். குற்றம் நிரூபணமாகியிருந்தாலும் அந்தக் காரணத்துக்காக மறுக்க முடியாதுன்னு 2019-ல உச்ச நீதிமன்றம் சொல்ல வேண்டியிருந்தது.

உள்ளேயும் நிலைமை சரியா இல்லை. செங்கல்பட்டு இல்லம் 1887-ல சீர்திருத்தப் பள்ளியா தொடங்கினது. பேர்லயே பள்ளி இருந்த இடம்! 2022 டிசம்பர் கடைசியில அங்க ஒரு 17 வயசுப் பையன் இறந்தான். அடிச்சதாலதான் இறந்தான்னு ஊழியர்கள் கைதானாங்க. அப்புறம்தான் இந்த இல்லங்களைச் சீர்படுத்த ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு தலைமையில தமிழ்நாடு அரசு ஒரு நபர் குழு போட்டது.

சரி, சட்டம் ஒழுங்கா நடந்து ஃபைலும் அழிஞ்சிடுச்சுன்னே வெச்சுக்குவோம். எங்க காரைக்கால் மாதிரி ஊர்ல ஃபைலே தேவையில்லைங்க. டீக்கடைக்கு ஞாபகம் இருக்கும். வாட்ஸ்அப் குரூப்ல ஃபோட்டோ இருக்கும். ஊரே ஒரு சாஃப்ட் டெலீட் டேட்டாபேஸ்தான்.

அந்த இடத்துல நமக்கு வேலை இருக்கு. சிறுவர்கள் மாட்டின வீடியோவை ஃபார்வர்ட் பண்ணாதீங்க. அடையாளத்தை வெளியிட்டா 6 மாசம் வரை சிறை அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், ரெண்டும் சேர்ந்துகூட வரலாம். ஹெச்.ஆர்.ல இருக்கிற நண்பர்களே, பேக்ரவுண்ட் வெரிஃபிகேஷன் படிவத்துல '18 வயசுக்கு முன்னாடி நடந்ததைச் சொல்லத் தேவையில்லை'ன்னு ஒரு வரி சேருங்க. ஒரு வரிதான். ஆனா அதைப் படிக்கிற யாரோ ஒருத்தருக்கு, தைரியமா 'சப்மிட்' அமுக்க அது போதும்.

அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.