ஆவின் பெருவயிறும் அதற்கேற்ற தீனியும்
(நம் சங்க மாதாந்தரக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



தலைமாணாக்கனுக்கு அன்னத்தையும் ஆவையும் உவமையாகக் கூறினார் நன்னூல் செய்த பவணந்தி முனிவர். பசு நிறைய மேய்ந்து, பின் ஓரிடத்தமர்ந்து, மேய்ந்ததை மீட்டும் வாய்க்குக் கொணர்ந்து அசைபோடும். மாணாக்கனும் கேட்டதை அவ்வாறு சிந்தித்தல் வேண்டும் என்பது கருத்து. இவ்வுவமையை ஆண்டுதோறும் வகுப்பில் விளக்கும் நாம், அப்பசுவின் வயிற்றினுள் நிகழ்வதை அறிதல் வேண்டாவோ? அதனை அறியாமையாலன்றோ பொங்கற் காலத்தில் நல்ல கறவைகளும் மாண்டொழிகின்றன!

பசுவின் இரைப்பை நான்கு அறைகளை உடையது. அவற்றுள் மிகப் பெரியதாகிய பெருவயிறு 100 லிட்டருக்கு மேலும் கொள்ளும். வைக்கோலின் நாரைத் தானே செரிக்கும் ஆற்றல் பசுவுக்கு இல்லை. பெருவயிற்றில் வாழும் நுண்ணுயிர்களே அதனைப் புளிக்கவைத்துச் சிதைக்கின்றன. அவற்றுள் ஒருவகையை 1843-ஆம் ஆண்டில் பிரான்சு தேசத்தில் குரூபி, தெலாபோன் என்னும் இருவர் கண்டு வெளியிட்டனர். பசுவுக்குத் தீனி இடுவதாக நாம் எண்ணுகிறோம். முதலில் உண்பவை இந்நுண்ணுயிர்களே. அவை வெளியிடும் அமிலங்கள் பசுவுக்கு ஆற்றலாகின்றன. பின்னறைகளிற் சென்று செரிக்கும் அவற்றின் உடலே பசுவுக்குப் புரதமாகின்றது.

தீனி மாறின் அமிலமும் மாறும். புல், வைக்கோல், சோளத்தட்டை முதலியவற்றால் அசெட்டிக் அமிலம் மிகும்; அது பாலில் கொழுப்பைத் தரும். தானியமாவினால் புரோப்பியோனிக் அமிலம் மிகும். அது ஈரலிற் சர்க்கரையாகிப் பாலின் அளவைப் பெருக்கும். எனவே இரண்டும் வேண்டும். ஆயினும் நார்த்தீனி குறையின் அசைபோடுதல் குறையும். அதனால் உமிழ்நீரும் குறையும். நாளொன்றுக்கு 100 லிட்டருக்கு மேல் ஊறும் அவ்வுமிழ்நீரின் காரமே வயிற்றின் புளிப்பை அடக்குவது.

இனி, மாட்டுப் பொங்கலன்று நிகழ்வதைக் கேண்மின். வீட்டார் அன்பினால் சோற்றையும் பொங்கலையும் வாரி வாரி ஊட்டுவர். அண்டை வீட்டாரும் ஊட்டுவர். பழக்கமில்லாத அவ்வளவு மாவும் விரைந்து புளித்து, லாக்டிக் அமிலம் பெருகும். நாரைச் செரிக்கும் உயிர்கள் மடியும். உடலின் நீர் வயிற்றினுள் இழுக்கப்படும். அமிலம் இரத்தத்திற் கலக்கும். பசு அசைபோடாது, இடப்பக்கம் உப்பும், புளித்த நாற்றத்தோடு கழியும், பின் படுத்து எழாது. ஓரிரு நாளில் இறத்தலும் உண்டு. கலியாண வீட்டில் மிஞ்சிய சோற்றைத் தொட்டியில் கொட்டுவோர்க்கும் இதே கேடு நேரும்.

ஆகவே, பூசைப் பொங்கலை ஒரு கவளத்தோடு நிறுத்துக. உலர்ந்த எடையிற் பாதிக்குக் குறையாமல் நார்த்தீனி இருத்தல் வேண்டும். முதலில் வைக்கோலோ புல்லோ இட்டு, அதன் பின்னரே தவிடும் தானியமும் வைக்க. புதிய தீனியை இரண்டு வாரத்தில் சிறிது சிறிதாகப் பழக்குக. வைக்கோல் ஒன்றையே இடுதலும் தகாது. நுண்ணுயிர்கள் பெருகப் புரதச்சத்தும் வேண்டுமாதலால், பிண்ணாக்கும் அகத்தி, வேலிமசால் போன்ற தழைகளும் சேர்த்தல் நலம். மேற்கூறிய குறிகள் தோன்றின், மறுநாள் பார்ப்போம் என்றிராமல் கால்நடை மருத்துவரை உடனே அழைத்தல் வேண்டும்.

நம்மவருள் பல குடும்பங்களில் பிள்ளைகளின் படிப்புச் செலவு ஒரு கறவையின் பாலிலிருந்தே வருகின்றது. அப்பசு வீழ்ந்தால் வீழ்வது பசு மட்டுமன்று. வருகின்ற பொங்கலுக்கு முன்னரே இதனை இல்லந்தோறும் எடுத்துரைக்குமாறு, சிறப்பாகத் தொழுவத்தைப் பேணும் சகோதரிகளை, வேண்டி அமர்கின்றோம்.