டீசல் என்ஜின்களின் வகைபேதம்



டீசல் ரயில் என்ஜின்களின் வகைபேதங்களை ஆராயக் கூடியிருக்கும் இக்கருத்தரங்கிற்குத் தலைமை வகிக்கும் பேற்றை அளித்த அன்பர்களுக்கு என் வந்தனம். ஒரு வகைக்கும் மற்றொரு வகைக்கும் உள்ள பேதத்தை எதைக் கொண்டு நிர்ணயிப்பது என்பது பற்றி நெடுநாளாக என் மனத்தில் ஊன்றியிருக்கும் அபிப்பிராயத்தை முதற்கண் உங்கள் முன் வைக்கிறேன்.

டபிள்யூ.டி.எம். என்றால் அகலப் பாதையில் பயணிகள் வண்டி, சரக்கு வண்டி இரண்டையும் இழுக்கும் டீசல் என்ஜின் என்றும், ஒய்.டி.எம். என்றால் மீட்டர் பாதைக்குரியது என்றும் நாம் அறிவோம். எழுத்துக்கள் இவ்வளவைச் சொல்லும். இதற்கு மேல் அவற்றை நம்புவது ஆராய்ச்சிக்கு உதவாது. 1962ஆம் ஆண்டில் அமெரிக்காவிலிருந்து நம் நாட்டிற்கு வந்த இரு வகைகளைப் பாருங்கள். ஆல்கோ நிறுவனத்தின் டபிள்யூ.டி.எம்.2, ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் டபிள்யூ.டி.எம்.4 ஆகிய இரண்டும் 2600 குதிரைத்திறன் கொண்டவை. இரண்டிற்கும் பதினாறு சிலிண்டர்கள், சக்கரங்களைச் சுழற்றும் ஆறு மின் மோட்டார்கள். அட்டவணையில் இவை இரட்டைப் பிள்ளைகளாகத் தோன்றும். ஆயினும் முன்னதன் என்ஜின் நான்கு வீச்சுக்கு ஒருமுறையும், பின்னதன் என்ஜின் இரண்டு வீச்சுக்கு ஒருமுறையும் எரிபொருளை எரிப்பதால், ஒலியிலும் புகையிலும் பழுது பார்க்கும் முறையிலும் இரண்டும் வெவ்வேறு ஜாதியாகவே வாழ்ந்தன.

புகையைச் சற்று விரிவாகக் கூற அனுமதி வேண்டுகிறேன். ஆல்கோ என்ஜினில் காற்றை அழுத்தி உட்செலுத்தும் டர்போ, வெளிச்செல்லும் புகையின் வேகத்தாலேயே சுழல்வது. ஆதலின் டிரைவர் வேகக் கைப்பிடியின் நாட்ச்சை உயர்த்தும்போது எரிபொருள் முந்திக்கொள்ள, காற்று பின்தங்கி வர, கன்னங்கரேலென்று புகை எழுகிறது. ஜெனரல் மோட்டார்ஸ் என்ஜினிலோ குறைந்த சுமையில் பற்சக்கரங்களே டர்போவைச் சுழற்றுவதால் காற்றுக்குத் தாழ்வு நேர்வதில்லை. பிளாட்பாரத்தில் நிற்பவர் கண்ணுக்குப் படும் புகையே என்ஜினின் உள்ளமைப்பைச் சொல்லிவிடுகிறது.

இவ்விரண்டில் வாரணாசித் தொழிற்சாலை 1964 முதல் உற்பத்தி செய்யலானது ஆல்கோ வகையைத்தான். அந்த வம்சமே பின்னர்ப் பல கிளைகளாகப் பரவியது. டபிள்யூ.டி.எம்.3ஏ, டபிள்யூ.டி.ஜி.3ஏ என்னும் இரண்டும் அதே ஆல்கோ என்ஜினைத் தாங்கி 3100 குதிரைத்திறனே தருபவை. அப்படியிருக்கச் சரக்கு வண்டிக்குத் தனி வகை ஏன் என்று கேட்பவருக்கு விடை சக்கரங்களுக்கு அருகில் இருக்கிறது. முன்னதன் பற்சக்கர விகிதம் 65க்கு 18. பின்னதற்கு 74க்கு 18. வேகத்தை விட்டுக்கொடுத்து இழுவிசையைப் பெறும் யுக்தி இது. சரக்கு என்ஜினின் போகியில், அதாவது சக்கரங்களைத் தாங்கும் சட்டகத்தில், மோட்டார்கள் யாவும் ஒரே திசை நோக்கிப் பொருத்தப்பட்டிருப்பதால், புறப்படும் சமயத்தில் பாரம் ஓர் அச்சிலிருந்து மற்றோர் அச்சிற்குப் பெயர்வது குறைந்து, சக்கரம் வழுக்குவதும் குறைகிறது. குதிரைத்திறன் என்னும் ஒரே அளவுகோலால் என்ஜின்களை அளப்பது எத்துணைக் குறைபாடுடையது என்பதற்கு இதனினும் சிறந்த சான்று எனக்குத் தெரியவில்லை.

பின்னர்ப் பயணிகள் வண்டிக்கென வந்த டபிள்யூ.டி.பி.4 வகையில் 4000 குதிரைத்திறன் இருந்தும் போகிக்கு இரண்டே மோட்டார்கள் என்பதையும், பிற்பாடு அதன் வழிவந்த வகைகளில் ஆறு மோட்டார்கள் அமைந்ததையும் இதே நோக்கில் ஆராயலாம்.

ஆகவே என்ஜின், மின்சாரத்தைச் சக்கரத்திற்குச் சேர்க்கும் அமைப்பு, போகி, பிரேக் ஆகிய இவற்றின் சேர்க்கையே வகை என்பது என் துணிபு. ஒரே வகைக்குள்ளும் ஷெட்டுக்கு ஷெட் செய்யப்பட்ட மாற்றங்கள் அநேகம். பாதைகள் மின்மயமாகிப் பழைய என்ஜின்கள் உடைப்புக்குச் சென்றுகொண்டிருக்கும் இக்காலத்தில், பொன்மலை, ஈரோடு முதலிய ஷெட்டுகளில் அவற்றைப் பழுது பார்த்த பிட்டர்களும் ஓட்டிய டிரைவர்களும் அறிந்தவை ஏட்டில் ஏறாமல் போய்விடக்கூடும். கட்டுரை படிக்க வந்திருக்கும் இளைஞர்கள் ஊர் திரும்பியதும் அத்தகைய ஒருவரையேனும் நேரில் கண்டு, அவர் கையாண்ட என்ஜினின் எண்ணையும் அதில் செய்யப்பட்ட மாற்றங்களையும் கேட்டு எழுதி வைக்க வேண்டுமென்று வேண்டிக்கொண்டு, இக்கருத்தரங்கைத் தொடங்கி வைக்கிறேன்.