முதலில் கார்டை முடக்குவோம்
(நமது குடியிருப்பில் நடந்த குழந்தைகள் தின நிகழ்ச்சியில் பேசியதன் எழுத்து வடிவம்)



வங்கி கவுண்டரில் காலத்தைக் கழித்தவருக்கும் கொரியா காமிக்ஸுக்கும் என்ன சம்பந்தம் என்று சிலர் சிரிப்பது தெரிகிறது. நம் பிள்ளைகள் பலர் செல்போனில் விரலால் தள்ளித் தள்ளிப் படிக்கும் கதை ஒன்று இருக்கிறது. பெயர் ‘வீக் ஹீரோ’. 2018இல் கொரியாவின் நேவர் வெப்டூன் தளத்தில் தொடங்கியது. 2022இல் தொடராக எடுத்தார்கள். 2025இல் இரண்டாம் பாகம் நெட்ஃபிளிக்ஸில் வந்தது. பேரப்பிள்ளைகள் எதைப் படிக்கிறார்கள் என்று பார்க்கத்தான் நானும் படித்தேன்.

கதாநாயகன் குள்ளமான, ஒல்லியான பையன். வகுப்பில் முதல் மாணவன். யாரோடும் பேசமாட்டான். உடம்பில் பலம் இல்லை. ஆனால் எதிரி எப்படி நகர்வான் என்று கணக்குப் போட்டு, பேனா, புத்தகம் என்று கைக்குக் கிடைத்ததை வைத்தே ரவுடிப் பையன்களைச் சமாளிப்பான். பிள்ளைகளுக்கு ஏன் பிடிக்கிறது என்று புரிகிறது. அடி வாங்கும் பையன் ஒருநாள் ஜெயிக்க வேண்டும் என்று யாருக்குத்தான் ஆசை இருக்காது?

ஆனால் படிக்கப் படிக்க எனக்கு ஒரு சந்தேகம். இந்தக் கதையில் பெரியவர்கள் எங்கே? ஆசிரியரும் பெற்றோரும் பெரும்பாலும் கண்ணிலேயே படுவதில்லை. எல்லாவற்றையும் பிள்ளைகளே தீர்த்துக்கொள்கிறார்கள். அந்தப் பையன் ஹீரோ ஆனதற்குக் காரணம் அவன் வீரம் மட்டும் இல்லை. பார்த்துக்கொள்ள ஆள் இல்லாததும்தான். கதையில் அது விறுவிறுப்பு. நிஜத்தில் என்ன ஆகும்?

2023 ஆகஸ்ட் 9ஆம் தேதி இரவு, திருநெல்வேலி மாவட்டம் நாங்குநேரியில் நடந்தது நினைவிருக்கும். பிளஸ் டூ படித்த பட்டியலின மாணவர் ஒருவருக்கு, உடன் படித்த பையன்கள் சாதியின் பேரால் தொடர்ந்து தொல்லை கொடுத்தார்கள். அவர் பள்ளிக்குப் போவதையே நிறுத்தினார். பிறகு விஷயம் வெளியே வந்து, பள்ளியில் புகார் சொல்லப்பட்டது. புகாருக்குப் பின் அந்தப் பையன்கள் வீடு புகுந்து அவரை அரிவாளால் வெட்டினார்கள். தடுக்க ஓடிவந்த தங்கைக்கும் வெட்டு. பள்ளிக்கூடம் போகும் சின்னப் பெண் அவள்.

அந்த மாணவர் மருத்துவமனையில் நீண்ட நாள் சிகிச்சை பெற்றார். பொதுத்தேர்வை எழுத்தர் உதவியோடு எழுதினார். 2024 மே மாதம் முடிவு வந்தபோது 600க்கு 469 மதிப்பெண். யாரையும் திருப்பி அடிக்காத ஹீரோ அவர். அண்ணனுக்காகக் குறுக்கே நின்ற தங்கையும் ஹீரோதான். ஆனால் அந்த இரண்டு பிள்ளைகளும் ஹீரோ ஆகவேண்டிய நிலை வந்திருக்கவே கூடாது.

நாம் கவனிக்க வேண்டியது ஒன்று. அந்தப் பையன் வாயைத் திறந்து சொன்னார். ‘பிள்ளைகள் சொல்வதே இல்லை’ என்று நாம் குறைப்படுகிறோம். சொன்ன பிறகு என்ன செய்கிறோம்? ஆபத்து அங்கேதான் கூடுகிறது.

வங்கியில் ஒரு வழக்கம் உண்டு. ஏ.டி.எம். கார்டு தொலைந்தது என்று வாடிக்கையாளர் வந்தால், முதலில் கார்டை முடக்குவோம். எங்கே தொலைத்தீர்கள், எப்படித் தொலைத்தீர்கள் என்ற விசாரணை எல்லாம் பிறகு. ‘எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள், பார்க்கலாம்’ என்று அனுப்பினால், அதற்குள் கணக்கில் பணம் இருக்காது. பிள்ளை சொல்லும் புகாரும் அப்படித்தான். முதல் வேலை பாதுகாப்பு, விசாரணை அடுத்தது.

நாங்குநேரிக்குப் பிறகு தமிழக அரசு ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு தலைமையில் குழு அமைத்தது. 2024 ஜூனில் அறிக்கை தந்தார். கையில் சாதிக் கயிறு கூடாது, வகுப்பில் அகர வரிசைப்படி உட்கார வைக்க வேண்டும், பெரிய பள்ளிகளில் மாணவர் நல அலுவலர் வேண்டும் என்றெல்லாம் அதில் பரிந்துரைகள் உண்டு. அந்த வெப்டூன் பிறந்த கொரியாவிலேயே பள்ளி வன்முறையைத் தடுக்க 2004இல் தனிச் சட்டம் போட்டார்கள். எழுத்து மூலம் மன்னிப்புக் கேட்பது முதல் பள்ளியை விட்டு நீக்குவது வரை அதில் நடவடிக்கை உண்டு. தனியாகச் சண்டை போடும் ஹீரோவை நம்பி எந்த நாடும் உட்கார்ந்திருக்கவில்லை.

இனி நம் வளாகத்துக்கு வருவோம். ஓசூரில் நம் வீடுகளில் தமிழ், தெலுங்கு, கன்னடம், மலையாளம், இந்தி எல்லாம் உண்டு. சில பிள்ளைகள் அத்திப்பள்ளி தாண்டிப் படிக்கப் போகிறார்கள். பேச்சு வழக்கைக் கிண்டல் செய்வது, பட்டப்பெயர் வைப்பது, வேனில் ஒரே பையனை எப்போதும் பின்சீட்டுக்குத் தள்ளுவது, வாட்ஸ்அப் குழுவிலிருந்து ஒரு பெண்ணை மட்டும் நீக்குவது எல்லாம் சின்ன விஷயமாகத் தோன்றும். சிப்காட்டில் ஷிப்ட் முடிந்து வரும் அப்பா அம்மாவுக்குப் பிள்ளையின் முகத்தைப் பார்க்கவே நேரம் கிடைப்பதில்லை. என்னைப் போல ஓய்வுபெற்றவர்கள் இங்கே நிறையப் பேர் இருக்கிறோம். மாலையில் வேன் வரும் நேரம் கேட் பக்கம் உட்கார்ந்தாலே பல விஷயம் கண்ணில் படும்.

பெற்றோரிடம் மூன்று வேண்டுகோள். பிள்ளை சொன்னால் ‘நீயும் திருப்பி அடி’ என்று அனுப்பாதீர்கள். உடனே எதிர்வீட்டுக்குப் போய்ச் சத்தமும் போடாதீர்கள். நாளைக் காலையில் அதே வேனில் போகப்போவது உங்கள் பிள்ளை. பள்ளியில் புகார் கொடுத்தால், ‘நாளை முதல் என் பிள்ளைக்கு என்ன பாதுகாப்பு?’ என்று அங்கேயே கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள். புகார் உங்கள் பிள்ளை மேல் வந்தாலும் கோபப்படாமல் கேளுங்கள். நாங்குநேரியில் அரிவாள் தூக்கியவர்களும் பள்ளிப் பிள்ளைகள்தான். அவர்கள் வாழ்க்கையும் போயிற்று.

பிள்ளைகளே, பெரியவர்களிடம் சொல்வது கோள் மூட்டுவது ஆகாது. 1098 என்ற எண்ணை மனப்பாடம் செய்யுங்கள். இரவிலும் எடுப்பார்கள், ஓசூரிலிருந்தும் கூப்பிடலாம், பெங்களூரிலிருந்தும் கூப்பிடலாம். பள்ளிக் கல்வித்துறை உதவிக்கு 14417. இரண்டையும் லிஃப்ட் பக்கத்து நோட்டீஸ் போர்டில் ஒட்டும்படி செயலாளரைக் கேட்டுக்கொள்கிறேன்.

கதையைத் தாராளமாகப் படியுங்கள். அடுத்த அத்தியாயத்தில் என்ன ஆகிறது என்று எனக்கும் வந்து சொல்லுங்கள்.