சொல் நிற்குமிடத்தில் விரல்



சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதை, மாதவி ஆடுவதற்கு முன் ஆடலாசிரியன், இசையாசிரியன், கவிஞன், தண்ணுமையாசிரியன், குழலாசிரியன், யாழாசிரியன் ஆகியோரின் அமைதியை ஒவ்வொன்றாகக் கூறுகிறது. அவரவர் எவ்வெவற்றைக் கற்றிருக்க வேண்டும் என்பதை இளங்கோவடிகள் விரித்துரைக்கிறார். ஆனால் அவர்களுள் ஒருவரையும் பேசவிடவில்லை. யாழாசிரியன் யாழை மடியில் கிடத்திக்கொண்டு, அருகிருந்த நான்கு பேரிடம் ‘இதை இப்படித்தான் செய்தேன்’ என்று மீட்டிக்காட்டிச் சொல்லியிருந்தால் நமக்குக் கிடைத்திருக்கக்கூடியது என்ன? இவ்வுரை அவ்வினாவைப் பின்தொடர்கிறது.

அத்தகைய ஏற்பாடு ஒன்று அமெரிக்க வானொலியில் இருந்தது. மரியன் மெக்பார்ட்லண்ட் என்னும் ஜாஸ் பியானோக் கலைஞர் 1979 முதல் முப்பது ஆண்டுகளுக்கு மேல் அதனை நடத்தினார். விருந்தினராக வருபவர் வாசிப்பார், பேசுவார், பேச்சு போதாதபோது மீண்டும் வாசிப்பார். 1978 நவம்பரில் அந்நிகழ்ச்சிக்காகப் பில் எவான்ஸ் வந்தமர்ந்தார். ஒரு பாட்டின் எலும்புக்கூட்டை முதலில் தனியே வாசித்துக் காட்டிவிட்டு, அதன்மேல் தாம் எவ்வாறு கட்டுகிறார் என்பதை அடுத்து வாசித்தார். கச்சேரியில் மறைந்துகிடக்கும் படிகள் அங்கே வெளிப்பட்டன. 1980இல் எவான்ஸ் மறைந்தார், அவ்வுரையாடல் எஞ்சியது.

நம் பள்ளத்தாக்கில் இதற்கு நிகரானதைத் தேடினால் தொலைவு செல்ல வேண்டுவதில்லை. சுருளிப்பட்டிக்கு வடக்கே, மலையடிவாரத்துப் பண்ணைப்புரத்தில் 1943இல் பிறந்த இளையராஜாவை ஆர்மோனியத்தோடு பார்த்தால் போதும். அவர் ஜாஸ் கலைஞர் அல்லர். சொல்லப்போனால் அதற்கு நேர்மாறானவர். ஜாஸ் என்பது அந்நேரத்தில் தோன்றுவதை அந்நேரத்திலேயே வாசிப்பது. இளையராஜாவோ ஒவ்வொரு கருவிக்கும் உரிய சுரங்களைத் தாளில் எழுதிக் கொடுப்பவர். தியாகராசருக்கும் பாக்குக்கும் படைத்த 1986ஆம் ஆண்டின் ‘ஹவ் டு நேம் இட்’ ஆயினும், 2025 மார்ச் 8 அன்று இலண்டனில் அரங்கேறிய சிம்பொனி ஆயினும் எழுதப்பட்ட இசையே. அங்கே தற்செயலுக்கு இடம் மிகக் குறைவு.

அவரிடம் எழுதப்படாத இசை வெளிப்படும் இடம் ஒன்று உண்டு. மேடையில் பாட்டை நிறுத்திவிட்டு, ஆர்மோனியத்தின்மேல் கைவைத்துப் பேசத் தொடங்கும் இடம் அது. வாக்கியம் பாதியில் நிற்கும். மீதியைக் கட்டைகள் சொல்லும். ‘இந்த இடத்தில் இப்படிப் போகலாம்’ என்பதற்குப் பெயர்ச்சொல்லோ வினைச்சொல்லோ வருவதில்லை. மூன்று சுரம் வருகிறது. தத்தகாரம் வருகிறது. கைதட்டல் எழுந்தால் சில வேளை அதையும் அதட்டி அடக்குவார். அவ்வதட்டலைக் குறைகூறுவோர் உண்டு. ஆனால், சிந்தனை அறுபடுவதைப் பொறாத ஒருவரின் அதட்டல் அது என்று கொள்வதே பொருந்தும்.

கருவியையும் நோக்க வேண்டும். பியானோக் கலைஞருக்கு இரு கைகளும் கட்டைகளின்மேல். ஆர்மோனியக்காரருக்கு ஒரு கைதான் கட்டைக்கு. மற்றொரு கை துருத்திக்கு. பேச்சு நீண்டு அக்கை ஓய்ந்தால் ஒலி அவிந்துவிடும். பாடுபவனுக்கு மூச்சு எப்படியோ அப்படி. சுரத்துக்கும் சுரத்துக்கும் இடையில் வளைந்து செல்ல இப்பெட்டியால் இயலாது என்று இசையறிஞர் பலர் இதனை வெறுத்தனர். அகில இந்திய வானொலி 1940இல் விலக்கி வைத்தது, 1971 வரை. வானொலி புறந்தள்ளிய காலத்திலும் இப்பெட்டி நாடகக் கொட்டகையிலும் கட்சி மேடையிலும் வாழ்ந்தது.

அம்மேடையிலிருந்து வந்ததே இளையராஜாவின் பெட்டி. அண்ணன் பாவலர் வரதராசனுடையது அது. தம்பியர் தொடக்கூடாது என்றிருந்ததை அவரே சொல்லியிருக்கிறார். சென்னைக்குப் புறப்படத் தாய் சின்னத்தாயம்மாள் வானொலிப் பெட்டியை விற்று 400 ரூபாய் தந்த செய்தியையும் பலமுறை சொல்லியிருக்கிறார். கேட்டதையே கேட்கிறோம் என்று சலிப்போர், ஒவ்வொரு முறையும் அது ஒரே செய்தியாக வருவதில்லை என்பதைக் கவனிப்பதில்லை. ஒருமுறை தாய் முன்னிற்பார், மறுமுறை அண்ணன். இராகம் ஒன்று, விரிவு வேறு.

கவிஞர்களுக்கு இதில் உரியது யாது? மெட்டுக்குச் சொல் இடுவதை இழிவாகக் கருதும் வழக்கம் நம்மிடையே இன்னும் உண்டு. அருணகிரிநாதர் சந்தத்துக்குத்தான் சொல் இட்டார். தொல்காப்பியர் இருபது வண்ணங்களைச் சொன்னார். தத்தகாரத்தை விரல் நடத்திச் செல்லும்போது பார்த்தால், அங்கே இன்னும் வராத சொல்லுக்கு இடம் விட்டுவைக்கப்பட்டிருப்பது தெரியும். குறில் எங்கே நிற்கும், நெடில் எங்கே நீளும் என்பதைக் கை அறிந்திருக்கிறது.

அக்கை அதைக் கற்ற களம் இப்பள்ளத்தாக்கும் அதன் மேற்கிலுள்ள மலையுமே. 1958இல் தேவிகுளம் இடைத்தேர்தலில் கம்யூனிஸ்டு வேட்பாளர் ரோசம்மா புன்னூசுக்காகப் பாவலர் தேயிலைத் தோட்டங்களில் பாடினார், ரோசம்மா வென்றார். காங்கிரசின் சின்னமான இரட்டைக் காளையை எள்ளிய பாட்டு அப்போது புகழ்பெற்றது. மெட்டு மக்கள் அறிந்தது. சொல் அன்றைய தேவைக்கு அன்று பிறந்தது. தம்பி அக்குழுவில் சேர்ந்தபோது அவருக்கு 14 வயது. பின்னாளில் ஒரு சுரமும் தவறாமல் எழுதிக்கொடுத்தவருக்குத் தாளே இல்லாத பள்ளி அது.

பாவலரின் மேடையைத் தம்பியின் பேச்சில் மட்டுமே இன்று நாம் கேட்கிறோம். பெட்டிக்கு இப்பாலிருந்து கேட்டவர்களின் நினைவு வேறாக இருக்கும். எந்த ஊரில் எந்தச் சொல் மாறியது, எந்த அடியில் கூட்டம் சிரித்தது என்பனவெல்லாம் அவர்களிடம் உள்ளவை. அன்று பத்து வயதுச் சிறுவராய் முன்வரிசையில் குந்தியிருந்தவர் இன்று எண்பதை நெருங்குகிறார். அவர்களுள் ஒருவரிருவர் இவ்வவையிலும் இருக்கக்கூடும்.